வலதுபக்கம் திரும்பினால் மட்டும்

தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறத் தொடங்கி வெகுநேரமாகியிருந்தது. கிளட்ச் பிடி திடீரென்று என் விரல்களுக்குள் மெத்தென்று ஆனது. மேலும் இரண்டொரு முறை அழுத்தினேன். உள்ளே கேபிளின் இழைகள் ஒவ்வொன்றாக அறுவது கையில் தெரிந்தது. ரிங்லெட் கடைத்தெரு கண்ணில் படும் வரை கியரை மாற்றாமல், எதற்கும் நிற்காமல் ஓட்டினேன். கடைகளுக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே வந்தபோது வேறு வழியில்லை, பிடியை இழுத்தேன். கேபிள் அறுந்து, மோட்டார் சைக்கிள் ஒரு குதி குதித்து அணைந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த என் கணவர் தலைக்கவசத்தால் என் தலைக்கவசத்தை முட்டினார்.

நாங்கள் கிள்ளானிலிருந்து என் நாத்தனார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். நாத்தனார் என் கணவருக்கு அக்கா. ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் நடுவே பிரிந்து போகும் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலை பார்க்கிறார், அங்கேயே லயத்து வீட்டில் குடியிருக்கிறார். பள்ளி விடுமுறைக் கூட்டம் முடிந்த வாரம் அது. சாலை காலியாக இருக்கும், நிதானமாக மோட்டாரிலேயே போகலாம் என்று சொன்னது நான்தான்.

மோட்டார் என்னுடையது. நானே பார்த்து வாங்கியது, ஓட்டுவதும் நான்தான். என் கணவருக்குக் கிளட்ச் வைத்த மோட்டார் ஓட்ட வராது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேரைப் போல அவர் கப்சாய் என்னும் சின்ன மோட்டாரிலேயே பழகியவர். அதில் இடது கைக்கு வேலை கிடையாது, காலால் கியரைத் தட்டிவிட்டால் போதும். இதில் அவருக்கு வெட்கமும் இல்லை, எனக்குக் குறையும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் பின்னால் உட்கார்ந்து பழங்கள் தின்றுகொண்டு வருவார், நான் ஓட்டுவேன். மற்றவர்களுக்குத்தான் இது பெரிய விஷயமாக இருந்திருக்கிறது.

நாத்தனாருக்குப் போன் போட்டோம். கடைத்தெருவுக்குப் பின்னால் நம்ம ஆள் ஒருத்தர் மோட்டார் கடை வைத்திருக்கிறார், கோயில் வேலைகளிலெல்லாம் முன்னால் நிற்பவர், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள் என்றார். இருவரும் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போனோம்.

கடைக்காரருக்கு ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். சிரித்த முகம். வந்தவுடன் என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "என்னண்ணே பிரச்சினை?" என்று கேட்டார். என் கணவர் என்னைக் காட்டினார். நான் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவர் என் கணவரைப் பார்த்துத் தலையாட்டினார். கடைசியாக எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்று அவரிடம் கேட்டார். நான் பதில் சொன்னேன். எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று அவரிடமே கேட்டார். அதற்கும் நான்தான் பதில் சொன்னேன். பேச்சு முழுவதும் இப்படியே நடந்தது. அது எனக்குப் புதிதில்லை. புதிய கேபிள் கடையில் இருந்தது. எங்களை எதிரே இருந்த கடையில் தே தாரே தேநீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். நாங்கள் திரும்பி வருவதற்குள் வேலை முடிந்திருந்தது.

பிடியை அழுத்திப் பார்த்தேன். சரியாகவே இருந்தது. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

ஊருக்கு வெளியே இருந்த ஏரியைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும், ஒரு வளைவில் இன்ஜின் திடீரென்று வீறிட்டது. சத்தம் ஏறியதே தவிர வண்டி நகரவில்லை. இழுவை இல்லாமல் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது போல இருந்தது. வளைவு முடிந்ததும் தானாகச் சரியாகிவிட்டது. கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அப்படியே. கிளட்ச் நழுவுகிறது என்பது புரிந்தது. ஓரமாக நிறுத்தினேன். கீழேயிருந்து பிரேக் கட்டை கருகியது போன்ற ஒரு வாடை வந்தது.

மோட்டாரைத் திருப்பி அதே கடைக்கு வந்தோம். வளைவில் கிளட்ச் நழுவுகிறது என்று சொன்னேன்.

அவர் பிடியை இழுத்துப் பார்த்தார். அதன் அடியில் இருந்த திருகைக் கொஞ்சம் திருப்பினார். பிறகு தானே ஏறி, கடைக்கு முன்னால் இருந்த நேர் ரோட்டில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஒரு தடவை ஓட்டிவிட்டு வந்தார். இறங்கும்போதே சிரித்தார்.

"மோட்டார் ஓகே லா அண்ணே. ஒன்னும் கொறை இல்ல. அக்கா கோணர்ல, வளைவுலல்லாம் பயந்துகிட்டு கிளட்ச்ச பாதி புடிச்சே ஓட்டுறாங்க. பொம்பளைங்க எல்லாரும் அப்படித்தான். அதான் சிலிப் ஆகுது."

கடையில் வேலை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். மரியாதைக்குச் சிரித்ததாகப் பிறகு சொன்னார்.

நான் பாதி பிடித்து ஓட்டுவதில்லை என்று சொன்னேன். சொன்னதை அவர் மறுக்கவில்லை, காதிலும் வாங்கவில்லை. "மலை ரோடு வேற, டவுன் ரோடு வேற அண்ணே. நீங்க ஓட்டுனா இந்தப் பிரச்சினை வராது" என்று என் கணவரிடம் சொன்னார். அந்த இடத்தில் என் கணவர் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். எனக்கு இந்த மோட்டார் ஓட்டத் தெரியாது என்றோ, இவள்தான் பல வருடமாக ஓட்டுகிறாள் என்றோ ஏதாவது ஒன்று. அவர் தலைக்கவசத்தின் வாரை மாட்டிக்கொண்டிருந்தார்.

இதில் என்னை அதிகமாகக் குடைந்தது வேறொன்று. அந்த ஆள் சொன்னது பொருந்தி வந்தது. வளைவில்தான் நழுவுகிறது, நேரில் நழுவவில்லை. அதைச் சொன்னதே நான்தான். வளைவில் என் கை என்னை அறியாமல் பிடியை இழுக்கிறதோ? அத்தனை வருடம் ஓட்டியவள், ஒரு சிரிப்பைக் கேட்டதும் என் கையையே சந்தேகப்பட்டேன். அவர் மீது வந்த கோபத்தைவிட அதற்காக என் மீது வந்த கோபம் பெரியது.

அதனால் மறுபடி ஏறும்போது ஒரு முடிவு செய்தேன். கியர் மாற்றும் நேரம் தவிர இடது கையின் ஒரு விரல்கூடப் பிடியின் மேல் இருக்கக் கூடாது. ஐந்து விரல்களையும் மடக்கிக் கைப்பிடியை மட்டும் பற்றிக்கொண்டு ஓட்டினேன்.

அவர் திருகைத் திருப்பியதாலோ என்னவோ, பிரதான சாலையில் இந்தத் தடவை பெரிய தொல்லை இல்லை. அங்கே வளைவுகள் அகலம், ஹேண்டிலை அதிகம் திருப்ப வேண்டியதில்லை. தோட்டத்துக்குப் பிரியும் பாதையில் நுழைந்ததும் ஆரம்பித்தது. ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாதை, ஒருபுறம் தேயிலைச் சரிவு, மறுபுறம் பள்ளம். மழை தூறத் தொடங்கியிருந்தது. செங்குத்தான ஒரு கொண்டை வளைவில் ஹேண்டிலை நன்றாக வலதுபக்கம் திருப்பினேன். இன்ஜின் கத்தியது. வண்டி நின்றது, பிறகு மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது. எங்களுக்குப் பின்னால் காய்கறிக் கூடைகளை ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதன் ஹாரன் காதுக்குள் அடித்தது. பின் பிரேக்கை மிதித்தேன், ஈரத்தில் சக்கரம் வழுக்கி வண்டி சாய்ந்தது. என் கணவர் குதித்து இறங்கப் பார்த்து, கால் தடுக்கி, முழங்கை தார் ரோட்டில் உரச விழுந்தார். லாரி எங்களுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வந்து மோட்டாரைத் தூக்கி நிறுத்த உதவினார்.

என் கணவரின் கைச்சட்டை கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. நான் கைக்குட்டையை எடுத்துக் கட்டினேன். அவர் சரிவோரமாகச் சாய்ந்து நின்று, மெதுவாக, திட்டாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் விருப்பத்தோடு கேட்டார்.

"நீ பாதி புடிச்சியா?"

பதில் சொல்லியிருந்தால் அந்த லாரி டிரைவர் முன்னாலேயே பெரிய சண்டையாகியிருக்கும். மீதித் தூரத்தை அவர் நடந்து வந்தார். நான் மோட்டாரைத் தனியாக முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

தம்பியின் முழங்கையைப் பார்த்ததும் நாத்தனாரின் முகம் மாறிவிட்டது. கழுவி, மஞ்சள் மருந்து தடவி, துணி சுற்றினார். சாப்பாடு போட்டார். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். என்மேல் பாசமுள்ளவர்தான், ஆனால் அன்றைக்குப் பரிமாறிக்கொண்டே, பொம்பளைக்கு எதற்கு இவ்வளவு பெரிய மோட்டார், கப்சாய் ஒன்று வாங்கிக்கொண்டால் ஆகாதா என்று சோற்றுத் தட்டைப் பார்த்துச் சொன்னார். கடைக்காரர் அதற்குள் அவருக்குப் போன் செய்து, உங்கள் தம்பி சம்சாரத்துக்கு மலையில் ஓட்டிப் பழக்கமில்லை, பார்த்து ஓட்டச் சொல்லுங்கள் என்று அக்கறையாகச் சொல்லியிருக்கிறார். அந்த அக்கறைதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன்.

மறுநாள் காலையில் நாத்தனாருக்கு ஓய்வு நாள். லயத்துக்கு முன்னால் இருந்த சிமெண்டுத் தளத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சரிவில் பங்களாதேஷ் ஆட்கள் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு தேயிலை வெட்டிக்கொண்டிருந்தார்கள், அதன் இரைச்சல் விட்டுவிட்டுக் கேட்டது. நேற்று நழுவிய வளைவுகளை ஒவ்வொன்றாக மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஏரியைத் தாண்டி வந்த முதல் வளைவு, வலதுபக்கம். அடுத்தது, அதுவும் வலதுபக்கம். விழுந்த இடம், வலதுபக்கம். நடுவில் இடதுபக்கம் திரும்பிய வளைவுகள் எத்தனையோ வந்தன, அவற்றிலும் ஏற்றம்தான், அவற்றிலும் எனக்குப் பயம் இருந்திருக்கும். அங்கே ஏன் நழுவவில்லை? பயந்து பிடிக்கிற கை வலதுபக்கம் மட்டும் பயப்படுமா?

ஹேண்டிலை நேராக வைத்துக் கிளட்ச் பிடியை விரலால் ஆட்டிப் பார்த்தேன். இறுக்கம் பிடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் தொளதொளப்பு இருக்க வேண்டும், இருந்தது. இடதுபக்கம் முழுக்கத் திருப்பினேன். அப்போதும் இருந்தது. வலதுபக்கம் திருப்பினேன். பிடி கல்லாக நின்றது. துளி அசைவில்லை. நான் தொடாமலே அது பாதி இழுபட்டிருந்தது.

குனிந்து கேபிள் போகும் வழியைப் பார்த்தேன். ஹேண்டிலுக்குக் கீழே, முன்புறத்தில், கேபிளைத் தாங்குவதற்கென்று கம்பி வளையம் ஒன்று உண்டு. கேபிள் அதற்குள் நுழைந்து, வளைந்து, தாராளமாகப் போக வேண்டும். வளையம் காலியாக இருந்தது. அந்த ஆள் கேபிளை அதற்குள் விடாமல் குறுக்கு வழியில் நேராக இன்ஜினுக்கு இறக்கியிருந்தார். வலதுபக்கம் திரும்பும்போது ஹேண்டிலின் இடது முனை முன்னால் போகிறது, கேபிளுக்கு நீளம் போதவில்லை, அதுவே கிளட்சை இழுக்கிறது. அவர் ஓட்டிப் பார்த்தது நேர் ரோட்டில். அங்கே ஆண்டு முழுக்க ஓட்டினாலும் இது தெரிய வராது.

என் கணவரைக் கூப்பிடவில்லை. அவர் கேட்ட கேள்வி இன்னும் எனக்குள் அப்படியே இருந்தது. துணி உலர்த்திக்கொண்டிருந்த நாத்தனாரைக் கூப்பிட்டேன். பிடியில் கை வைக்கச் சொன்னேன். நான் ஹேண்டிலை மெல்ல வலதுபக்கம் திருப்பினேன்.

"இறுகுது," என்றார் அவர். பிறகு தானே ஹேண்டிலைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் பிடியைத் தொட்டுப் பார்த்தார். "நீ கைய வெக்காமலே இறுகுது."

"ஆமா அண்ணி."

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்காக அவருக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. தம்பியின் முழங்கை அவர் கண்முன் இருந்தது. தான் அனுப்பிவைத்த கடை என்பதும் இருந்தது. ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "கெளம்பு. நானும் வாரேன்," என்றார்.

என் கணவர் வாசலுக்கு வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, வளையத்துக்குள் கேபிளை நாமே விட்டுவிடலாமே, எதற்கு வீணாகப் போய்ச் சண்டை, அக்கா இந்த ஊரில் இருக்க வேண்டுமே என்றார். நாமே செய்துவிட முடியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அப்படிச் செய்தால், அந்தக் கடையில் சிரித்தவர்களைப் பொறுத்தவரை நான் காலத்துக்கும் பயந்தாங்கொள்ளி. அடுத்து அங்கே மோட்டார் கொண்டுபோகும் பெண்ணுக்கும் அதே பதில்தான் கிடைக்கும். அக்காவே வருகிறேன் என்கிறார், உங்களுக்கு என்ன என்று கேட்டேன். அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மலை இறங்குவதற்கு முன் பிடியருகில் இருந்த திருகைத் திருப்பி, கேபிளை முடிந்த மட்டும் தளர்த்தினேன். அப்படிச் செய்தால் வளைவில் நழுவாது, பதிலுக்குக் கியர் மாற்றுவது முரண்டு பிடிக்கும். முரண்டு பிடித்தது. ஒவ்வொரு முறையும் கியர் விழும்போது நாத்தனார் என் இடுப்பை இறுக்கிப் பிடித்தார், ஆனால் மெதுவாகப் போ என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

கடைக்காரர் நாத்தனாரைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டார். நாத்தனார் உட்காரவில்லை. தம்பி விழுந்துவிட்டான், கையில் காயம், நீங்கள் மாட்டிய கேபிளைப் பாருங்கள் என்றார். அவர் மறுபடியும் சிரித்த முகத்தோடு, மலையில் ஓட்டும்போது என்று ஆரம்பித்தார்.

நான் குறுக்கிட்டேன். பிடியைத் தொடுங்கள் என்றேன். அவர் தொட்டார். ஹேண்டிலை வலதுபக்கம் முழுக்கத் திருப்பினேன். இப்போது கேபிளைத் தளர்த்தியிருந்தபோதும் கடைசியில் இழுத்துப் பிடித்தது. அவர் கை அதை உணர்ந்தது எனக்குத் தெரிந்தது, முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. காலி வளையத்தை விரலால் காட்டினேன்.

"இது எதுக்கு இருக்கு?"

அவர் வளையத்தைப் பார்த்தார். பிறகு நாத்தனாரைப் பார்த்துப் பேசினார். "இந்தக் கேபிள் கொஞ்சம் நீளம் கம்மிக்கா. கம்பெனிக்காரன் இப்பல்லாம் இப்படித்தான் அனுப்புறான்."

"நீளம் சரியாத்தான் இருக்கு. நீங்க விட்ட வழிதான் தப்பு. என்னைப் பார்த்துச் சொல்லுங்க. என் கை பாதி புடிச்சுச்சுன்னு நேத்து சொன்னீங்களே."

நான் கத்தவில்லை. கத்துவேன் என்று நினைத்துத்தான் வந்தேன், வார்த்தைகள் சாதாரணமாகவே வந்தன. நேற்றுச் சிரித்த இருவரில் ஒருவர் அன்றும் இருந்தார். அவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். கடைக்காரர் ஸ்பானரை எடுத்தார். கேபிளின் ஒரு முனையைக் கழற்றி, வளையத்துக்குள் விட்டு, மறுபடி மாட்டினார். நாங்கள் ஒரு வாய்த் தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அந்தச் சின்ன வேலைக்காக ஒருவர் பள்ளத்தில் விழுந்து செத்திருக்கலாம் என்று நினைத்தபோதுதான் எனக்கு உடம்பு சூடேறியது. வேலை முடிந்ததும் ஹேண்டிலை நானே இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். பிடி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது.

அவர் கையைக் கந்தலில் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். மன்னிப்பு என்ற சொல் அந்தக் கடையில் இல்லை. தவறு நடப்பது பெரிதில்லை, யாருக்கும் கை தப்பும். ஆனால் தவறைத் தேடிப் பார்ப்பதற்கு முன்னாலேயே அதை என் கையில் வைத்துவிட்டார், கையோடு பயத்தையும் சேர்த்துக் கொடுத்தார். அதை மட்டும் நான் இன்றுவரை விடவில்லை.

வெளியே வந்து தலைக்கவசம் மாட்டும்போது நாத்தனார் உள்ளே திரும்பிப் பார்த்து, சத்தமாக, ஆனால் யாரையும் குறிப்பிடாமல் சொன்னார். "அடுத்த வாட்டி பொம்பள புள்ள மோட்டார் கொண்டாந்தா, மொதல்ல மோட்டார பாருங்க."

அவ்வளவுதான். முந்தின நாள் விழுந்த வளைவில் நான் நிறுத்தாமல், இரண்டாவது கியரில், வலதுபக்கம் திருப்பி ஏறினேன். இழுவை ஒரு நூல்கூடக் குறையவில்லை. அதற்கு மேலே ஏறியதும் நாத்தனார் என் தோளில் தட்டி, பெண்கள் இரண்டு பேர் மூட்டையோடு நின்றிருந்த திருப்பத்தில் மெதுவாகப் போகச் சொன்னார். அவருக்குத் தெரிந்தவர்கள். நான் ஓட்டுவதை அவர்கள் பார்க்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கையை உயர்த்திக் காட்டினார்.

கிள்ளானுக்குத் திரும்பிய பிறகு வழக்கமான கடையில் கிளட்ச் தட்டுகளைக் கழற்றிப் பார்த்தார்கள். நழுவி நழுவிச் சூடேறி, இரும்புத் தட்டுகள் நீலம் பாய்ந்து கிடந்தன. எல்லாவற்றையும் புதிதாக மாற்ற வேண்டியிருந்தது. என் கணவரின் முழங்கையில் ஒரு தழும்பு நிற்கிறது.

அவரோடு நான் பல நாள் சரியாகப் பேசவில்லை. காரணம் அவருக்குப் புரியவில்லை, நான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆள் சொன்னதைவிட நீங்கள் கேட்டதுதான் எனக்கு வலித்தது என்றேன். தெரிந்துகொள்ளத்தானே கேட்டேன் என்றார். பிறகு, கடையில் நான் சிரித்திருக்கக் கூடாது என்று அவராகவே சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

போன மாதம் அவருடைய சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் சமையலறையில் காப்பி கலந்துகொண்டிருந்தேன். கூடத்தில் அவர் கேமரன் மலைக் கதையைச் சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மழை, வளைவு, லாரி, முழங்கை எல்லாம் வந்தது. எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். பிறகு அவர் சொன்னார்: "அப்புறம் மறுநாள் காலையில நாங்க உக்காந்து யோசிச்சுப் பார்த்தோம். கேபிள் போற வழி தப்புன்னு கண்டுபுடிச்சோம்."

நான் தட்டை அப்படியே மேடையில் வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன்.

"யாரு கண்டுபுடிச்சோம்?" என்று கேட்டேன்.

சிநேகிதர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். "இவதான்," என்றார். காப்பி கொண்டுவரும் வரை கதையின் மீதியை நான் சொன்னேன். காப்பியை அவர் போய் எடுத்துவந்தார்.